துப்பாக்கி லைசன்ஸ் உள்ளவர்களுக்குத் தற்காப்புச் சட்டப் பட்டறை: எப்படி நடத்துவது?

செம்பனைச்சாலை (கேள்வி):

வணக்கம். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் சிறுதோட்டக்காரர்கள் சேர்ந்து, ஒரு ஞாயிறு காலை கோயில் மண்டபத்தில் மூன்று மணி நேரப் பட்டறை நடத்தத் திட்டமிட்டிருக்கிறோம். ஏறக்குறைய 30 பேர் வருவார்கள். செம்பனை (எண்ணெய்ப்பனை), டுரியான், கொஞ்சம் ரப்பர் வைத்திருப்பவர்கள். பெரும்பாலோரிடம் காட்டுப்பன்றிக்காக லைசன்ஸ் எடுத்த செனாப்பாங் பாத்தா (குழலை மடக்கித் திறக்கும் வேட்டைத் துப்பாக்கி) இருக்கிறது, எல்லாம் 12 போர் (குழல் அளவு). சுடத் தெரியும், பாதுகாப்பாக வைக்கவும் தெரியும். ஆனால் ஆள் மேல் துப்பாக்கி நீட்டுவது பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில்.

செம்பனைக் குலை திருட்டைப் பற்றிப் பேச்சு வந்தாலே இந்த மூன்றும் வருகின்றன: "என் நிலத்துக்குள்ள வந்தா சுடலாம்." "முதல்ல வானத்த பாத்து ஒண்ணு, அப்புறம் காலுக்கு." "வெளிய விழுந்தா உள்ள இழுத்துப் போட்டுட்டா கேஸ் நிக்காது." இது மூன்றும் மாறினாலே போதும் என்று நினைக்கிறேன்.

கேட்க வேண்டியவை: மூன்று மணி நேரத்தில் எந்தச் சட்டப் பகுதியைச் சொல்லிக் கொடுப்பது? வக்கீல் பேச, மற்றவர்கள் தூங்க என்று ஆகாமல் எல்லாரையும் பேச வைப்பது எப்படி? போலீஸை அழைக்கலாமா? அமெரிக்காவில் இதே மாதிரி வகுப்புகள் நடத்தும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன, அவற்றைத் திரையில் போடலாமா?

ஈப்போ_வழக்கறிஞர்:

ஐயா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். அந்த வீடியோக்களின் நடத்தும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள், சட்டத்தை எடுக்காதீர்கள். ஃபுளோரிடாவில் 2005-இல் வந்த "பின்வாங்கத் தேவையில்லை" சட்டமும், பல மாநிலங்களில் வீட்டுக்குள் நுழைந்தவனைச் சுடுவதற்கு இருக்கும் கூடுதல் பாதுகாப்பும் அந்தந்த மாநிலத்தோடு முடிந்துவிடும். திரையில் ஒரு தடவை பார்த்துவிட்டால் அதுதான் மனதில் நிற்கும். பிறகு நீங்கள் எத்தனை முறை "இங்கே அப்படி இல்லை" என்றாலும் ஏறாது. போடாமல் இருப்பதே நல்லது.

நம்முடையது குற்றவியல் சட்டத்தின் (கானுன் கெசெக்சாஆன்) 96 முதல் 106 வரையிலான பிரிவுகள். 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்திலிருந்து வந்தவை, எண்கள் கூடப் பெரும்பாலும் அப்படியே. பதினொன்றையும் சொல்லிக் கொடுக்க முயல வேண்டாம். ஐந்து போதும்.

99 முதலில். எல்லாரும் 100-இல் தொடங்குவார்கள், ஏனென்றால் அதில்தான் "உயிர் போனாலும் குற்றமில்லை" என்று வருகிறது. தப்பு அங்கேதான் தொடங்குகிறது. 99 தான் வேலி. அதன் உட்பிரிவு 3: அதிகாரிகளின் உதவியைத் தேட நேரம் இருந்தால் தற்காப்பு உரிமையே கிடையாது. உட்பிரிவு 4: காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்ய எந்த நிலையிலும் அனுமதி இல்லை. "பின்வாங்கு" என்ற சொல் நம் சட்டத்தில் இல்லை. ஆனால் 99(3) கேட்கும் கேள்வி கடினமானது: போன் கையில் இருந்ததா, 999-ஐ (அவசர உதவி எண்) அழைத்தீர்களா, கிரில் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்திருக்க முடியாதா?

அடுத்து 100. தாக்குபவனுக்கு மரணம் விளைந்தாலும் உரிமை செல்லும் ஆறு நிலைகள்: மரண பயம், கொடுங்காய பயம், கற்பழிப்பு, இயற்கைக்கு மாறான பாலுறவு நோக்கம், கடத்தல், அதிகாரிகளின் உதவியைத் தேட முடியாதபடி அடைத்துவைத்தல். பயம் நியாயமானதாக இருக்க வேண்டும்.

102 மிக முக்கியம். உடல் சார்ந்த உரிமை, ஆபத்து பற்றிய நியாயமான அச்சம் எழும் நொடியில் தொடங்குகிறது. அந்த அச்சம் இருக்கும் வரைதான் நீடிக்கிறது. அவன் திரும்பி ஓடினால், ஆயுதத்தைக் கீழே போட்டால், கட்டிப்போட்டாயிற்று என்றால், முடிந்தது. கட்டிப்போட்ட திருடனை ஊரே சேர்ந்து அடிப்பதற்கு இந்த அத்தியாயத்தில் ஒரு வரி கூட ஆதரவில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு பொதுமக்களுக்குப் பிடிக்க அதிகாரம் தருகிறது: கண்முன் நடந்த, பிணைக்கு இடமில்லாத, வாரண்டு தேவைப்படாத குற்றமாக இருக்க வேண்டும், பிடித்தவுடன் தாமதமின்றிப் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும்.

103-உம் 104-உம் சொத்துக்கு. சொத்தைக் காக்கும்போது மரணம் விளையலாம் என்ற அளவுக்கு உரிமை செல்வது நான்கு நிலைகளில் மட்டும்: கொள்ளை, இரவு வீடு உடைப்பு, குடியிருப்புக்கோ பொருள் வைக்கும் இடத்துக்கோ தீ வைத்தல், பிறகு மரண பயமோ கொடுங்காய பயமோ ஏற்படும் விதமாக நடக்கும் திருட்டு, சேதம், வீட்டு அத்துமீறல். வெறும் திருட்டு இதில் இல்லை. குலை திருட்டு வெறும் திருட்டு. அதற்கு 104: மரணம் தவிர்த்த தீங்கு வரைதான். 12 போரை ஆள் மேல் திருப்பிவிட்டு "மரணம் தவிர்த்த தீங்கு" என்று சொல்லி நீதிமன்றத்தில் நிற்க முடியாது.

வரம்பு மீறினால் என்ன ஆகும் என்பதையும் கரும்பலகையில் எழுதுங்கள். ஆள் இறந்தால் முதலில் விசாரணை 302-இல்தான் தொடங்கும், கொலை. 2023 ஜூலை 4 முதல் கட்டாய மரண தண்டனை இல்லை. ஆனால் மரணம், இல்லையென்றால் 30 முதல் 40 ஆண்டுச் சிறையோடு 12-க்குக் குறையாத பிரம்படி. நல்லெண்ணத்தோடு உரிமையைப் பயன்படுத்தி, திட்டமிடாமல், தேவைக்கு மேல் தீங்கு செய்யும் எண்ணமின்றி எல்லை மீறியிருந்தால் 300-ஆம் பிரிவின் 2-ஆம் விதிவிலக்கு கொலையிலிருந்து இறக்கும், 304-க்கு. அதிலும் 304(அ) என்றால் 30 ஆண்டு வரை, 304(ஆ) என்றால் 10 ஆண்டு வரை. ஆள் பிழைத்துக்கொண்டால் 326: ஆபத்தான ஆயுதத்தால் கொடுங்காயம், 20 ஆண்டு வரை. "காலுக்குத்தான் சுட்டேன்" என்பவர் வந்து நிற்கும் இடம் பெரும்பாலும் இது.

ஒன்று மட்டும் கூடுதலாக: 1950-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் 105. தற்காப்பு என்று சொல்பவர்தான் அதைக் காட்ட வேண்டும். சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, "நடந்திருக்க வாய்ப்பு அதிகம்" என்ற அளவு போதும். ஆனால் சுமை அவர் தோளில். நீதிமன்றங்கள் அந்த நொடியின் பதற்றத்தைத் தங்கத் தராசில் நிறுக்க மாட்டா. அதையும் சொல்லுங்கள், இல்லையென்றால் வருபவர்கள் பயந்துபோய், உயிர் போகும் நிலையிலும் தயங்கிவிடுவார்கள். அதுவும் பெரிய தீங்கு.

பன்னிரண்டு_போர்:

அண்ணே, வக்கீல் ஐயா சொன்ன அஞ்சு பிரிவையும் ஒரே மூச்சுல சொல்லாதீங்க. முதல் 20 நிமிஷம் 99-உம் 102-உம் மட்டும். மத்தது எல்லாம் சம்பவ அட்டை வழியா வரட்டும். கேட்டது மறந்து போகும், கை தூக்கி முடிவு பண்ணது மறக்காது.

30 பேர்னா அஞ்சு பேர் வீதம் ஆறு குழு. கணவன் மனைவி, பக்கத்துத் தோட்டக்காரர், ஒரே குடும்பம், இவங்களைப் பிரிச்சு உட்கார வைங்க, இல்லன்னா ஒருத்தர் சொல்றதுக்கு மத்தவங்க தலையாட்டுவாங்க. ஒவ்வொருத்தர் கையிலயும் மூணு அட்டை: சிவப்பு சுடக்கூடாது, மஞ்சள் வேற வழி இருக்கு, பச்சை சட்டம் இடம் கொடுக்குது. அட்டையைக் கவுத்து மேசையில வைக்கணும், மணி அடிச்சதும் எல்லாரும் ஒண்ணா திருப்பணும். இது சின்ன விஷயமா தெரியும், ஆனா இது இல்லன்னா குரல் பெருசா இருக்கிற ஒருத்தர் முடிவுதான் முப்பது பேர் முடிவாயிடும்.

சம்பவ அட்டை எழுதும்போது ஒரு சம்பவத்தை நாலு கட்டமா வெட்டுங்க. உதாரணத்துக்கு:

முதல் கட்டம். ராத்திரி 2:10. வீட்டுல இருந்து 60 மீட்டர்ல லோரி. மூணு பேர் குலை ஏத்துறாங்க. வீட்டுக் கதவு பூட்டியிருக்கு, கைல போன் இருக்கு.

ரெண்டாவது கட்டம். நாய் குரைக்குது. நீங்க வராந்தாவுல நின்னு டார்ச் அடிக்கிறீங்க. மூணு பேரும் திரும்பிப் பாக்குறாங்க.

மூணாவது. ஒருத்தன் குலை குத்தி ஏத்துற இரும்புக் கம்பியோட உங்களை நோக்கி வேகமா வர்றான். 15 மீட்டர். கத்துறான்.

நாலாவது. கம்பியைப் போட்டுட்டு லோரிக்கு ஓடுறான்.

நாலு கட்டத்துக்கும் தனித்தனியா அட்டை திருப்பணும். முதல் ரெண்டுல திருட்டுதான், 104 எல்லை, அதுக்கு மேல 99(3): போன் பண்ண நேரம் இருக்கு. மூணாவதுல 102 தொடங்குது, 100-க்குள்ள வர வாய்ப்பு இருக்கு, ஆனா பின்னாடி இருக்கிற கதவுக்குள்ள போக முடியுமான்னு குழு பேசணும். அந்தக் கம்பி வேலை சாமானா ஆயுதமான்னு கண்டிப்பா சண்டை வரும், வரட்டும், அதுதான் "நியாயமான அச்சம்"னா என்னன்னு புரியற இடம். வெறுமனே கைல பிடிச்சிருந்தா சாமான், ஓங்கிக்கிட்டு வந்தா ஆயுதம். நாலாவதுல முடிஞ்சு போச்சு. மூணாவதுல பச்சை காட்டுன ஆளுங்கள்ல சில பேர் நாலாவதுலயும் பச்சையே காட்டுவாங்க, கோவம் அடங்கியிருக்காது. அங்க நிறுத்தி "இப்ப எதைக் காப்பாத்துறீங்க?"ன்னு கேளுங்க. பதில் வராது. அந்த அமைதியை நீங்க பேசி நிரப்பாதீங்க.

ஒரு அட்டைக்கு 20 நிமிஷம் வேணும். மூணு மணி நேரத்துல அஞ்சு அட்டைக்கு மேல போகாதீங்க. "ஆனா அவன் கைல பாராங் (நீளமான வெட்டுக்கத்தி) இருந்தா?"ன்னு ஒருத்தர் ஆரம்பிப்பாரு. அட்டையில இல்லாததைச் சேர்க்க விடாதீங்க. "நல்ல கேள்வி, அடுத்த அட்டையில வருது"ன்னு சுவத்துல ஒட்டிடுங்க. விட்டீங்கன்னா ஒரே அட்டையில ஒரு மணி நேரம் போயிடும்.

துப்பாக்கி மண்டபத்துக்கு வரக்கூடாது, காலித் தோட்டா கூட வேண்டாம். பொம்மைத் துப்பாக்கியும் வேண்டாம், போலித் துப்பாக்கி வச்சிருக்கிறதும் ஆயுதச் சட்டத்துல சிக்கல். டார்ச்லைட் போதும். முனையில கறுப்பு அட்டைக் குழல் சுத்தி வெளிச்சத்தைக் குறுக்கிடுங்க. டார்ச்சை நீட்டும்போது வெளிச்சம் போய் விழுற இடம்தான் குண்டு போற இடம். "திருடன்" பின்னாடி ஒரு நாற்காலியில பிள்ளைன்னு எழுதி ஒட்டுங்க. வெளிச்சம் அந்த எழுத்து மேல விழறதை எல்லாரும் பாப்பாங்க. 106-ஆம் பிரிவு, அப்பாவிக்கு ஆபத்து வர நிலை பத்திப் பேச வேண்டிய நேரம் அதுதான்.

அதோட மூணு வட்டம் அட்டையில வெட்டி வைங்க: 28, 56, 84 சென்டிமீட்டர். சோக் (முனையில குறுகல்) இல்லாத குழல்ல ரவை மீட்டருக்கு ஏறக்குறைய 2.8 சென்டிமீட்டர் விரியும்ங்கிறது பழைய கணக்கு. அப்போ 10, 20, 30 மீட்டர்ல இந்த அளவு. 84 சென்டிமீட்டர் வட்டத்தை ஒரு ஆள் நெஞ்சுக்கு நேரா பிடிச்சுப் பாருங்க, ரெண்டு பக்கமும் ஆளுக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும். எஸ்ஜி (பெரிய ரவை) தோட்டாவுல பொதுவா 9 குண்டு. வெளிய போற ஒவ்வொண்ணும் எங்கயோ ஒரு இடத்துல போய் நிக்கணும், லயத்துச் (தொழிலாளர் வரிசை வீடு) சுவர் பலகையா இருந்தா அங்க நிக்காது.

"வானத்த பாத்து ஒண்ணு" விஷயத்துக்கு: மேல போனது கீழ வரும். அதை விடப் பெரிய சிக்கல், எச்சரிக்கைச் சூட்டுக்குன்னு குற்றவியல் சட்டத்துல தனி அனுமதி கிடையாது. சுட்டது சுட்டதுதான். வானத்தைப் பாத்துச் சுட நேரம் இருந்துச்சுன்னா 999 அழைக்கவும் நேரம் இருந்துச்சேன்னு எதிர்த்தரப்பு கேப்பாங்க. "காலுக்கு" விஷயம்: தொடையில பெரிய ரத்தக்குழாய் ஓடுது. கிட்டத்துல 12 போர் பட்டா சில நிமிஷத்துல ஆள் போயிடுவான்.

இன்னொரு பயிற்சி, இது கண்டிப்பா செய்யுங்க. அமெரிக்கப் போலீஸ் பயிற்சியாளர் டென்னிஸ் டூலர் 1983-ல எழுதினது: 21 அடியை ஒரு ஆள் ஏறக்குறைய ஒன்றரை வினாடியில ஓடிக் கடந்துடுவான். தரையில 21 அடிக்கு டேப் ஒட்டுங்க. ஒருத்தர் சுருட்டுன பேப்பரோட ஓடி வரட்டும். இன்னொருத்தர் முன்னாடி ரெண்டு பூட்டுப் பெட்டி, ஒண்ணுல டார்ச், ஒண்ணுல ரெண்டு பேட்டரி. வீட்டுல துப்பாக்கியும் தோட்டாவும் தனித்தனியா பூட்டி வைக்கிற மாதிரியே. திறந்து, போட்டு, வெளிச்சம் வரணும். யாராலயும் முடியாது. ஆள் உள்ள வந்தப்புறம் அலமாரியைத் தேடி ஓடறது வேலைக்காகாதுன்னு இதுல புரிஞ்சிடும். காப்பாத்துறது கிரில், உள் அறைத் தாழ்ப்பாள், வெளி விளக்கு, நாய், பக்கத்து வீட்டு நம்பர். தோட்டாவைத் துப்பாக்கியிலயே விட்டு வைக்கிறதுதான் தீர்வுன்னு யாராவது சொன்னா, வீட்டுப் பிள்ளைங்களை நினைச்சு அங்கயே தடுத்துடுங்க.

ரப்பர்மரம்77:

நல்ல பதிவுகள். ஆனால் ஒரு சந்தேகம். ராத்திரியில் வேலி தாண்டித் தோட்டத்துக்குள் நுழைந்தால் அது "இரவு வீடு உடைப்பு" கணக்கில் வராதா? அப்படியென்றால் 103-இல் சுட இடமிருக்கிறதே. பலரும் இப்படித்தான் நம்புகிறார்கள்.

ஈப்போ_வழக்கறிஞர்:

வராது, இதையே ஒரு அட்டையாக எழுதிவிடுங்கள். 442-ஆம் பிரிவுப்படி வீட்டு அத்துமீறல் என்றால் குடியிருக்கும் கட்டடம், கூடாரம், கலம், அல்லது வழிபாட்டுக் கட்டடம், அல்லது பொருள் பாதுகாக்கும் கட்டடம். செம்பனை வரிசை கட்டடம் இல்லை. வேலியும் கட்டடம் இல்லை. வேலி தாண்டுவது 441-இன் குற்ற அத்துமீறல், அதுவும் கெட்ட நோக்கம் இருந்தால்தான். அதற்கு 104 வரைதான் உரிமை.

ஆனால் உரக்கொட்டகை? பூட்டிய கொட்டகை பொருள் பாதுகாக்கும் கட்டடம். சூரியன் மறைந்த பின், உதிக்கும் முன், பூட்டை உடைத்து நுழைந்தால் 446-ஆம் பிரிவின் இரவு வீடு உடைப்பு ஆகலாம். நம் பக்கம் சூரிய மறைவு ஆண்டு முழுக்க ஏறக்குறைய 7 மணிக்கும் 7:40-க்கும் இடையில் இருக்கும். மாலை 6:30-க்கு நடந்தால் அது பகல். ஒரே கொட்டகை, ஒரே திருடன், ஒரு மணி நேர வித்தியாசத்தில் சட்டம் மாறுகிறது. வகுப்பில் இதைச் சொன்னால் பேச்சு சூடாகும்.

அதற்காகக் கொட்டகையை இரவில் உடைத்தால் சுடலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 103-உம் 99-க்குக் கட்டுப்பட்டதுதான். யூரியா மூட்டை தூக்குபவன் கையில் ஆயுதமில்லை, உங்களைப் பார்த்ததும் ஓடுகிறான் என்றால் தேவையான அளவுத் தீங்கு என்ன? 103 ஒரு உச்சவரம்பு. அதுவரை போயே ஆக வேண்டும் என்று அது சொல்லவில்லை. குற்றவியல் சட்டத்தின் 105-ஐயும் சேர்த்துச் சொல்லுங்கள்: இரவு வீடு உடைப்புக்கு எதிரான உரிமை, அந்த அத்துமீறல் தொடரும் வரை. வெளியே வந்து ஓடிவிட்டால் அந்தக் கணக்கு முடிந்தது.

இன்னும் இரண்டு சம்பவங்கள் உங்கள் ஐந்தில் இருக்க வேண்டும். ஒன்று, சீருடை இல்லாத போலீஸ் இரவில் சோதனைக்கு வருவது. அரசு ஊழியர் நல்லெண்ணத்தோடு செய்யும் செயலுக்கு எதிராக 99 உரிமையைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் அவர் அரசு ஊழியர் என்று தெரியாமலும், தெரிந்துகொள்ள வழியில்லாமலும் இருந்தால் உரிமை போகாது. அப்போது செய்ய வேண்டியது கதவைத் திறக்காமல் சத்தமாகப் பேசி, அதிகார அட்டையைக் காட்டச் சொல்லி, போலீஸ் நிலையத்துக்குப் போன் செய்து உறுதி செய்வது.

மற்றொன்று புதரில் அசைவு. பன்றி என்று நினைத்துச் சுட்டால் மனிதன். இது தற்காப்பே இல்லை, ஆனால் தோட்டத்துப் பட்டறையில் இதை விடுவது பெரிய குறை. அலட்சியத்தால் மரணம் என்றால் 304ஏ (மேலே சொன்ன 304(அ) அல்ல, தனிப் பிரிவு), 2 ஆண்டு வரை சிறை, அபராதம், அல்லது இரண்டும். 79-ஆம் பிரிவில் உண்மையைத் தவறாகப் புரிந்துகொண்டவருக்குப் பாதுகாப்பு உண்டு, ஆனால் "நல்லெண்ணம்" வேண்டும். 52-ஆம் பிரிவுப்படி உரிய கவனம் இல்லாமல் நம்பியது நல்லெண்ணம் ஆகாது. விளக்கடித்து முழு விலங்கையும் பார்க்காமல் சுட்டவருக்கு 79-இல் இடம் கிடைப்பது மிகக் கடினம். பன்றிக்கு மின்கம்பி கட்டுவதும் இதே அட்டையில் வரட்டும். கம்பிக்கு ஆள் தெரியாது. அதைக் கட்டியவர் தற்காப்பு என்று வாயெடுக்கவே முடியாது.

முன்னாள்_காக்கி:

போலீஸை அழைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அழைக்கத்தான் வேண்டும், ஆனால் நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஓசிபிடி (மாவட்டப் போலீஸ் தலைவர்) அலுவலகத்துக்கு முன்கூட்டியே கடிதம் கொடுங்கள்: நாள், இடம், எத்தனை பேர், பேசுபவர் யார், துப்பாக்கியோ தோட்டாவோ கொண்டுவரப்படாது என்ற ஒரு வரி. அதிகாரி முதல் அரை மணி நேரம் லைசன்ஸ் நிபந்தனை, பாதுகாப்பாக வைத்தல், புதுப்பித்தல், தொலைந்தால் புகார் ஆகியவற்றைப் பேசட்டும். சம்பவ அட்டை தொடங்கும்போது அவருக்கு நன்றி சொல்லி வழியனுப்பிவிடுங்கள். அவர் இருக்கும்போது யாரும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள். பேசினால் அது இன்னும் ஆபத்து: "போன வருஷம் நான்கூட ஒருத்தன..." என்று ஒருவர் ஆரம்பித்துவிட்டால் அதைக் கேட்ட அதிகாரி சும்மா இருக்க முடியாது.

அதனால் தொடக்கத்திலேயே இரண்டு விதி. சொந்தச் சம்பவம் யாரும் சொல்லக்கூடாது. கைப்பேசியில் பதிவு செய்யக்கூடாது. "ஓடுனாலும் விடமாட்டேன்" என்று விளையாட்டாகச் சொன்ன பதினைந்து வினாடி வீடியோ, பின்னால் உண்மையிலேயே ஏதாவது நடந்தால் அவருடைய எண்ணத்தைக் காட்டும் சான்றாகிவிடும்.

கடைசி அரை மணி நேரத்தைச் சுட்ட பிறகு என்ன என்பதற்கு ஒதுக்குங்கள். மற்ற எல்லாவற்றையும் விட இங்கேதான் நல்லவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். வரிசை இது. ஆபத்து முடிந்ததா என்று பாருங்கள். குழலை மடக்கித் திறந்து, சுடாத தோட்டா இருந்தால் எடுத்து அருகிலேயே வையுங்கள். வெற்றுத் தோட்டா குழலில் இருந்தால் அப்படியே விடுங்கள், தெறித்து விழுந்திருந்தால் விழுந்த இடத்திலேயே கிடக்கட்டும். துடைக்க வேண்டாம், அலமாரியில் கொண்டுபோய் வைக்கவும் வேண்டாம். 999. சொல்ல வேண்டியது: இடம், ஒருவர் காயம், ஆம்புலன்ஸ் வேண்டும், சுட்டது நான், துப்பாக்கி திறந்த நிலையில் இன்ன இடத்தில் இருக்கிறது. அவ்வளவுதான், கதை வேண்டாம். பிறகு காயத்தின் மேல் துணி வைத்து அழுத்துங்கள். திருடன்தான் என்றாலும். போலீஸ் வரும்போது கையில் எதுவும் இல்லாமல் வெளிச்சத்தில் நில்லுங்கள்.

"உள்ள இழுத்துப் போடு" பற்றி: ரத்தத் தடம், ரவை விழுந்த கோணம், வெற்றுத் தோட்டா கிடந்த இடம், எல்லாம் தடயவியல்காரர் பார்ப்பார். உடலை நகர்த்தியது தெரிந்தால் 201-ஆம் பிரிவு, தடயத்தை மறைத்தல், தனிக் குற்றம். உண்மையாகவே தற்காப்பாக இருந்தாலும் அதன்பின் யாரும் நம்ப மாட்டார்கள்.

கைதானால் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 28ஏ: கைதுக்கான காரணம் தெரியவும், உறவினருக்குத் தகவல் சொல்லவும், வக்கீலோடு பேசவும் உரிமை. வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்களுக்கு யாயாசான் பந்துவான் குவாமான் கெபாங்சாஆன் (தேசியச் சட்ட உதவி அறக்கட்டளை) கைது, ரிமாண்டு, பிணை நிலைகளில் இலவச உதவி தருகிறது. 302 போன்ற குற்றம் என்றால் ரிமாண்டு முதலில் 7 நாள் வரை, பிறகு இன்னொரு 7 நாள் வரை போகலாம். இதை வீட்டில் இருப்பவர்களும் தெரிந்திருக்க வேண்டும். தோட்டத்தை யார் பார்ப்பது, குலை வெட்டு யார் கவனிப்பது என்ற கேள்வி உடனே வரும்.

தோட்ட_மண்டோர்:

மேலே சொன்னதில் விடுபட்டது. லைசன்ஸ் ஆளுக்குத்தான், வீட்டுக்கு இல்லை. அப்பா பெயரில் இருப்பதை மகன் எடுத்து வெளியே போனால் மகன் லைசன்ஸ் இல்லாமல் வைத்திருந்தவர் ஆகிறார். 1971-ஆம் ஆண்டுத் துப்பாக்கிகள் (கூடுதல் தண்டனை) சட்டத்தில் சட்டவிரோதமாக வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி. அதனால் மனைவி, வளர்ந்த பிள்ளைகளையும் பட்டறைக்கு அழைத்து வரச் சொல்லுங்கள்.

தோட்டப் போலீஸ் பந்துவான் (துணைப் போலீஸ்), ரேலா (மக்கள் தொண்டர் படை), தனியார் காவலர் வந்தால் அவர்களுக்கு வேறு வகுப்பு. அவர்களுடைய அதிகாரமும் ஆயுத உத்தரவும் வேறு சட்டங்களில் வருகின்றன, சிறுதோட்டக்காரரோடு கலந்தால் இரண்டு பக்கமும் குழம்பும். யானை இறங்கும் பகுதியில் இருப்பவர்களுக்கு ஒரு வரி: யானை முழுப் பாதுகாப்புப் பெற்ற விலங்கு, பெர்ஹிலித்தானை (வனவிலங்குத் துறை) கூப்பிடுங்கள். பன்றிக்கும் துப்பாக்கி லைசன்ஸ் மட்டும் போதாது, பெர்ஹிலித்தான் அனுமதி தனி.

சம்பள வாரத்து ஞாயிறைத் தவிர்த்துவிடுங்கள். பாதிப் பேர் வரமாட்டார்கள்.

செம்பனைச்சாலை:

எல்லாருக்கும் நன்றி. ஈப்போவில் வக்கீல் மன்றத்தின் சட்ட உதவி மையத்துக்கு எழுதிப் பேச ஒருவரைக் கேட்கிறேன். ஒரு கேள்வி மட்டும்: தமிழில் நடத்தினால், பின்னால் வாக்குமூலம் மலாயில் எடுக்கும்போது தடுமாறுவார்களே?

முன்னாள்_காக்கி:

தமிழிலேயே நடத்துங்கள், யோசிக்க வேண்டியதைத் தாய்மொழியில்தான் யோசிக்க முடியும். ஆனால் அட்டையின் பின்பக்கம் பத்து மலாய்ச் சொல்லை எழுதி வையுங்கள்: பெர்தாஹானான் டிரி (தற்காப்பு), செராங் (தாக்கு), அஞ்சாம் (மிரட்டு), லாரி (ஓடு), பாராங், ஜாராக் (தூரம்), கெலாப் (இருட்டு), தாக்குட் (பயம்), தொலோங் (உதவி), அம்புலன்ஸ். "நான் பயந்தேன்" என்பதும் "நான் கோபப்பட்டேன்" என்பதும் மலாயில் மாறிப் பதிவானால் வழக்கே மாறிவிடும். தாக்குட், மாரா (கோபம்), இந்த இரண்டையும் எல்லாரையும் வாய்விட்டுச் சொல்ல வையுங்கள். மலாய் போதாதவர் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112-ஆம் பிரிவின்படி வாக்குமூலத்தைச் சொன்ன மொழியிலேயே படித்துக் காட்டி, திருத்த வாய்ப்புக் கொடுத்த பிறகுதான் கையெழுத்து. தன் மேல் குற்றச்சாட்டு வரக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கவும் அதே பிரிவு இடம் தருகிறது. படித்துக் காட்டாமல் நீட்டினால் படித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

பன்னிரண்டு_போர்:

ஆரம்பத்துல ஆறு கேள்வி எழுதிக் கொடுத்து, பேர் போடாம பதில் வாங்கிக்குங்க. முடியும்போது அதே ஆறு. ரெண்டையும் ஒப்பிட்டா எந்த அட்டை வேலை செய்யலன்னு தெரியும், அடுத்த தடவை அந்த அட்டையை மாத்தி எழுதுங்க. மூணு மாசம் கழிச்சு அதே கேள்வியை வாட்சப்புல ஒருத்தருக்கொருத்தர் தெரியாம தனித்தனியா அனுப்புங்க. முதல்ல மறந்து போறது நாலாவது கட்டம்தான், ஓடுறவன் மேல சுடறது. அதுக்கு மட்டும் தனியா அரை மணி நேரம் மறுபடியும் கூட்டினாலும் தப்பில்ல.